இரண்டாவது கலயம்

அத்தியாயம் 11

“சொல்லிரு மக்கா.”

தங்கபாய் கண்ணை மூடுவதற்கு முன்னால் மகள் லீலாபாயின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்ன கடைசி வார்த்தை அதுதான். எதைச் சொல்ல, யாரிடம் சொல்ல என்று கேட்பதற்குள் பிடி தளர்ந்துவிட்டது.

எழுபத்தொரு வருஷத்தில் ஒரு பேச்சையும் பாதியில் நிறுத்தாத மனுஷி அவள். புன்னைவிளையிலிருந்து தக்கலைச் சந்தைக்கு நாலு மைலும் பேசிக்கொண்டே போய், பேசிக்கொண்டே திரும்பி, மிச்சப் பேச்சை வாசலில் நின்று முடித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். அவள் பேச்சுக்குப் பயந்து தென்னை மரத்துக் காக்காய்கள் பக்கத்து விளைக்குக் குடிபோனதாக ஊரில் சொல்லுவார்கள். அப்பேர்ப்பட்டவள் இந்த ஒன்றை மட்டும் முடிக்காமல் போனாளே என்று, பன்னிரண்டு நாளாக லீலாபாய்க்கு நெஞ்சுக்குள் ஒரே வெப்ராளம்.

இன்று ஞாயிறு. அம்மைக்கு நினைவு ஆராதனை.

ஒன்பதரை மணிக்கு அண்ணன் ஜெபதாஸ் கோயிலில் அம்மையின் ஜீவிய சரித்திரத்தை வாசிக்கப் போகிறார். மிஷன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் எழுதிய சரித்திரம் என்றால் சும்மாவா? நீளத்தாளில் பதினாலு பக்கம். வாசித்து முடிப்பதற்குள் சபையில் இன்னும் ரெண்டு பேர் காலமாகி, அவர்களுடைய அடக்கத்தையும் சேர்த்தே முடித்துவிடலாம். இரண்டாம் பக்கத்தில்தான் அம்மை பிறக்கவே செய்கிறாள்.

ஒன்பதாம் பக்கத்தில் பிடியரிசி வருகிறது.

உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். வாரம் நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். ஆனால் தங்கபாய் வீட்டில் கலயம் ஒன்றல்ல, இரண்டு. அதைப் போன வாரம் அடுக்களையில் கண்டுபிடித்தவள் பேத்தி ஜெபகுமாரி. இரண்டிலும் அரிசி இருந்தது. ஹெட்மாஸ்டர் துள்ளிக் குதிக்காத குறைதான். “எல்லாரும் ஒரு பிடி கொடுத்தாவ, எனக்க அம்மை ரெண்டு பிடி கொடுத்தா!” என்று அப்போதே பேனாவைத் திறந்துவிட்டார். மாதர் சங்கத்துப் புதுக் கட்டடத்தில் பதிக்கக் கல்வெட்டுக்காரனுக்கும் சொல்லியாகிவிட்டது: ‘ஒன்றுக்கு இரண்டாய்க் கொடுத்த தங்கபாய்.’

இரண்டு கலயத்துக்கும் ஜெபகுமாரி பிச்சிப்பூச் சுற்றி வைத்திருந்தாள். போதகர் மேஜைக்கு முன்னால் சபை பார்க்க வைப்பதற்கு.

காலை எட்டரை மணி. அடுக்களை வாசலில் நிழல் தட்டியது.

சொர்ணம்மாள். அம்மையின் கூட்டுக்காரி. நெற்றியில் நீளமாய் வெள்ளை நாமம். அய்யாவழிக்காரி. அவளும் அம்மையும் ஒரே கிணற்றில் தண்ணீர் கோரி, ஒரே வாய்க்காலில் துணி அலசி, நாற்பது வருஷமாக ஒருத்தி சாமியை மற்றவள் குறை சொல்லாமல் வாழ்ந்தவர்கள். மற்ற எல்லாவற்றையும் குறை சொன்னார்கள்.

கலயங்களைக் கண்டதும் அவள் நடை நின்றுவிட்டது.

“ஏட்டி லீலா, இந்த ரெண்டாவது கலயம் எங்க போவுது?”

“கோயிலுக்கு, சித்தி.”

“ஆரு சொன்னா?”

“அண்ணன்தான். அம்மை ரெண்டு பிடி கொடுத்தாள்லா. அதைச் சரித்திரத்துலயும் எழுதியிருக்கு.”

சொர்ணம்மாள் அப்படியே அடுக்களைப் படியில் உட்கார்ந்தாள். முழங்கால் வலிக்கு ‘அய்யா’ என்று கூப்பிடுகிறவள், அதைக்கூடக் கூப்பிடவில்லை.

“அது கோயிலுக்குள்ளது இல்ல மக்கா. அது ஞானதாசனுக்குள்ளது.”

“ஆரு? மரத்தடி ஞானதாசன் அண்ணாச்சிக்கா?”

புன்னைவிளையில் அந்தப் பெயரைத் தெரியாதவர் கிடையாது. இருபது வருஷம் கோயில் மணி அடித்தவர். அவர் அடித்தால் ஊருக்குள் பால் பொங்குவதும் பிள்ளைகள் எழும்புவதும் ஒரே நேரத்தில் நடக்குமாம். மணி நாக்குக்குத் தேன் தடவி அடித்தாரோ என்று பத்மநாபபுரம் வரைக்கும் பேச்சாம். யுத்தக் காலத்தில் கோயில் அரிசியைத் திருடினார் என்று சபையைவிட்டு விலக்கினார்கள். அதற்கப்புறம் தும்புக் கயிறு திரித்துப் பிழைக்கிறார். ஞாயிறுதோறும் வருவார். கோயிலுக்குள் அல்ல, வாசலுக்கு எதிரே புன்னைமரத்தடிக்கு. ஆராதனை முடிகிற வரைக்கும் அங்கே இருந்துவிட்டுப் போவார். பன்னிரண்டு வருஷமாக வாசற்படிக்கு வெளியேதான்.

“அவருக்கு அம்மை எதுக்கு அரிசி கொடுக்கணும்?”

சொர்ணம்மாள் முந்தானையை வாயில் அடைத்து எடுத்தாள்.

“பர்மா அரிசி நின்னுபோன வருஷம் உனக்கு நினைவிருக்கா? நீ கீரிப்பாறையில இருந்தே. உனக்க மாப்பிள்ளை தோட்டத்துல கம்பவுண்டரு, அங்க எப்படியோ கஞ்சி கிடைச்சுது. இஞ்ச மரச்சீனிக் கிழங்கும் இல்ல. எனக்க வீட்டுக்காரன் வாந்திபேதில போனதும் அந்த மாசம்தான். அஞ்சு பிள்ளைகள். கடைசிக்குள்ளது பொன்னுலிங்கம், அழுததுக்கும் சத்தம் வராது அவனுக்கு.”

“சித்தி…”

“கேளு. ஊர்ப் பிடியரிசி எல்லாத்தையும் ஞானதாசன் வீடு வீடா வாங்கி, சனிக்கிழமை சாயங்காலம் இந்த வீட்டுலதான் கொண்டு வைப்பான். உனக்க அம்மை மாதர் சங்கத் தலைவியில்லியா. ஞாயித்துக்கிழமை காலத்த சுமந்துகிட்டுக் கோயிலுக்குப் போவான். எனக்க வீட்டுக்காரன் போன மறு சனிக்கிழமை அவ அதுல மூணு நாழி அரிசியை மடியில கட்டிகிட்டு எனக்க வீட்டுக்கு ஓடி வந்தா. ‘ஏட்டி சொர்ணம், உலையை வையி. கன்னிப்பூ நெல்லு அறுத்ததும் நான் திருப்பி வச்சிருவேன், கடவுளு பத்து நாளு பொறுக்கமாட்டாரா’ன்னா. அடுத்த சனிக்கிழமையும் கொண்டு வந்தா. அதுக்கடுத்த சனிக்கிழமையும்.”

லீலாபாயின் கையிலிருந்த துடைப்புத் துணி கீழே விழுந்தது.

“கோயில்ல அளந்து பாத்தா, வீடு வீடா எழுதின கணக்குக்குக் குறையுது. வழியில ஆரு சுமந்தா? ஞானதாசன் சுமந்தான். சோலி முடிஞ்சுது.”

“அம்மை சொல்லல்லியா? வாயைத் திறந்து சொல்லல்லியா?”

“சொல்லல்ல.” சொர்ணம்மாளின் குரல் இறங்கியது. “அதுதான் இன்னைக்கும் எனக்கு விளங்கல்ல மக்கா. சொல்லப்போறேன்னு சொல்லிட்டுத்தான் இந்த வீட்டுக்குள்ள வந்தா. பின்ன மூணு நாளு பச்சத்தண்ணி குடிக்கல்ல. நான் போய்ச் சொல்லுதேன்னேன். எனக்க காலைப் பிடிச்சுட்டா. ‘நீ சொன்னா நான் செத்துப்போவேன்’னா. நாலாம் நாளு இந்த ரெண்டாவது கலயத்தை வாங்கி வச்சா. வெள்ளிக்கிழமைதோறும் நான் கொண்டுபோய் அவனுக்குக் கொடுக்கணும், எனக்க வீட்டு அரிசின்னு சொல்லணும். பன்னிரண்டு வருஷம். இன்னைக்கு வரைக்கும் அவன் எனக்குத்தான் கும்பிடு போடுதான். ஒவ்வொரு கும்பிடும் எனக்கு முதுகுல அடி மாதிரி.”

கோயிலில் முதல் மணி அடித்தது. ஞானதாசனுக்குப் பிறகு வந்தவர்கள் அடிக்கிற மணி, பாத்திரக்கடைக்குள் பூனை விழுந்த மாதிரி இருக்கும். லீலாபாய்க்கு அது மண்டைக்குள்ளேயே விழுந்தது.

சொல்லிரு மக்கா. இப்போது தெரிந்தது, எதை என்று.

ஜெபதாஸ் முன்னறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று கோட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டே பத்தாம் பக்கத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் பக்கம் பேரப்பிள்ளைகளைப் பற்றியது. பதினோரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, ‘உனக்கு மட்டும்தான், மத்தவங்கிட்ட சொல்லாதே’ என்று முந்திரிக்கொத்துக் கொடுத்தவள் தங்கபாய். அடக்கத்தன்று அழும்போதுதான் பதினோரு பேருக்கும் விஷயம் தெரிந்தது. அழுகைக்கு நடுவில் ஒரு சண்டை.

“அண்ணே, ஒன்பதாம் பக்கத்தை மாத்தணும்.”

“இப்பமா? மணி அடிச்சாச்சு.”

லீலாபாய் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். அவர் முகத்தில் முதலில் கோபம் வரும் என்று நினைத்தாள். கோபம் வரவில்லை. ஆச்சரியம் வரும் என்று நினைத்தாள். அதுவும் வரவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்தது.

“சொர்ணம்மைக்கு வயசாயிட்டு. எதையாவது சொல்லுவா.”

“அம்மை என் கையைப் பிடிச்சுச் சொன்னா, ‘சொல்லிரு’ன்னு.”

“எதைன்னு சொன்னாளா?”

“…இல்ல.”

“பின்ன? ஏட்டி, இத பாரு. மாதர் சங்கத்துக்காரிகள் கல்லு வெட்டக் கொடுத்தாச்சு. போதகர் ஐயா வந்தாச்சு. நாகர்கோவில்ல இருந்து ஆளு வந்திருக்கு. எல்லாரும் இருக்க, ‘எனக்க அம்மை கோயில் அரிசியைத் திருடினா’ன்னு நான் வாசிக்கணுமா? செத்தவளை ரெண்டாம் தடவை அடக்கம் பண்ணச் சொல்லுதியா?”

“ஞானதாசன் அண்ணாச்சி உயிரோட இருக்காரே. அவரை எத்தனை தடவை அடக்கம் பண்ணியாச்சு?”

ஜெபதாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

“அந்த விலக்குக் கடிதாசியை எழுதினது ஆருன்னு தெரியுமா உனக்கு? நான். சபைக் காரியதரிசி அப்ப நான்தான். சபைக்கு முன்னால நின்னு வாசிச்சதும் நான்தான்.”

“தெரியாமத்தானே எழுதினே? தெரியாம எழுதினதுக்கு என்ன வந்துச்சு? தெரியாம எழுதிட்டேன்னு சொல்லு.”

அவர் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். ஏற்கெனவே ஒழுங்காக இருந்த தாள்கள் அவை.

“இன்னைக்கு நீ வாயைத் திறந்தா, இந்த வீட்டு வாசல்ல இனி உனக்க காலு படக்கூடாது” என்றார்.

இரண்டாம் மணி அடித்தது.

கோயில் நிறைந்திருந்தது. நிறைந்திருந்தது என்றால் சாதாரணமாகவா? ஒருத்தர் தும்மினால் மூன்று பெஞ்சுக்கு ஆள் அசைந்தது. ஆண்கள் வலதுபக்கம், பெண்கள் இடதுபக்கம். மேஜைக்கு முன்னால் பிச்சிப்பூவோடு இரண்டு கலயங்கள், கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி.

கடைசிப் பெஞ்சில், பிறந்ததிலிருந்து கோயிலுக்குள் கால் வைக்காத சொர்ணம்மாள் நெற்றி நாமத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த ரெண்டு பேர் சற்று நகர்ந்து உட்கார்ந்ததை அவள் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

லீலாபாய் மூன்றாவது பெஞ்சில். அங்கிருந்து பார்த்தால் திறந்த வாசலும், வாசலுக்கு வெளியே புன்னைமரமும், மரத்தடியில் குந்தியிருந்த வெள்ளைத்தலையும் தெரிந்தன.

ஜெபதாஸ் வாசித்தார். நல்ல குரல். அம்மை பிறந்தாள், படித்தாள், கல்யாணம் முடித்தாள். நாலாம் பக்கத்தில் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். ஆறாம் பக்கத்தில் ஆண்கள் இருமினார்கள். ஏழாம் பக்கத்தில் போதகர் ஐயாவே மூக்கைச் சிந்தினார். லீலாபாய்க்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. புரண்ட ஒவ்வொரு தாளையும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எட்டு.

மாற்றியிருப்பாரோ? கடைசி நிமிஷத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டாலும் போதும். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டால்கூட அவளும் பேசாமல் இருந்துவிடுவாள் போலத்தான் இருந்தது. வாசலில் கால் படக்கூடாது என்று அண்ணன் சொன்னது அந்த அளவுக்கு உறைத்திருந்தது. அம்மை வீடு அல்லவா அது.

ஒன்பது.

“என் தாயார் பிடியரிசிக் காணிக்கையை நாற்பது வருஷம் ஒரு நாளும் தவறாமல் கொடுத்தது மாத்திரமல்ல,” ஜெபதாஸின் குரல் ஒரு நொடி தடுக்கியது, பிறகு எழுந்தது, “ஒன்றுக்கு இரண்டாய்க் கொடுத்தார்கள். இதோ, அதற்குச் சாட்சியான இரண்டு கலயங்கள்.”

லீலாபாய் எழுந்தாள்.

ஆராதனை நடுவில் ஒரு பெண் எழும்பினால் ஒன்று பிள்ளைக்கு வயிற்றுவலி, இல்லாவிட்டால் மயக்கம் என்று அர்த்தம். எனவே முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவள் நேராக முன்னால் போய், இரண்டாவது கலயத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பிச்சிப்பூ உதிர உதிர நடுவழியே வாசலைப் பார்த்து நடந்தபோதுதான் சபைக்கு உறைத்தது. இருமல் நின்றது. விசிறி நின்றது. ஒரு கைக்குழந்தைகூட உறிஞ்சுவதை நிறுத்திவிட்டது.

வாசற்படி தாண்டினாள். வெயில் முகத்தில் அறைந்தது.

ஞானதாசன் அவள் வருவதைப் பார்த்து எழுந்து நின்றார். கயிறு திரித்துத் திரித்து உள்ளங்கை காய்த்துப்போன கைகள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோள்துண்டை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, இது உங்களுக்குள்ள கலயம்.”

“இது சொர்ணம்மை கொண்டுவாற கலயம்லா?”

“அரிசி எனக்க அம்மைக்குள்ளது. பன்னிரண்டு வருஷமும்.” கலயத்தை அவர் பக்கம் நீட்டினாள். “கோயில் அரிசியை எடுத்ததும் அம்மைதான். சித்திக்க பிள்ளைகள் பட்டினி கிடந்துச்சுன்னு எடுத்தா. நீங்க எடுக்கல்ல. சொல்லணும்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா.”

ஞானதாசன் கலயத்தைக் குனிந்து பார்த்தார். கைநீட்டி வாங்குவார் என்று லீலாபாய் காத்திருந்தாள். அவர் வாங்கவில்லை. கலயத்துக்குள் இரண்டு விரலை விட்டு நாலு அரிசி எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

“நல்ல அரிசி” என்றார். “எனக்க வீட்டுக்காரிக்கு நான் எடுக்கல்லன்னு தெரியும். அவ செத்ததுக்கப்புறம் அதைத் தெரிஞ்ச ஆளு ஊருல நான் ஒருத்தன்தான்னு நினைச்சிருந்தேன். பாத்தா, இவ்வளவு பேருக்குத் தெரிஞ்சிருக்கு.”

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி.”

“அதைப் பின்னால பாக்கலாம். பிள்ளே, என்னை விலக்கின கடிதாசியை மரத்தடியில வச்சு வாசிக்கல்ல. உள்ள, இதே சபை இருக்க, சத்தமா வாசிச்சாவ. நீ இப்பம் எனக்க காதுல வந்து சொல்லுதே. எனக்குத்தான் தெரியுமே.” துண்டைத் தோளில் போட்டார். “உள்ள போய்ச் சொல்லு.”

லீலாபாய் திரும்பினாள்.

வாசலில் ஜெபதாஸ் நின்றார். கையில் பதினாலு பக்கம். அவருக்குப் பின்னால் பெஞ்சுகளில் இருந்த அத்தனை தலையும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. ஒரு கதவை அவர் பிடித்திருந்தார். திறக்கவா, சாத்தவா என்று அவருக்கே தெரியாத பிடி.

“வழி விடு, அண்ணே.”

“லீலா.” அவர் குரல் அவருக்கும் அவளுக்கும் மட்டும். பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கிற குரல் அது. இப்போது அதுவே நடுங்கியது. “உள்ள போனா நீ பாதிதான் சொல்லுவே. உனக்குப் பாதிதான் தெரியும். அம்மை சும்ம இருக்கல்ல. கடிதாசியை வாசிக்கதுக்கு முந்தின நாளு எங்கிட்ட வந்து எல்லாத்தையும் சொன்னா. ‘நாளைக்கு நானே எழும்பிச் சொல்லப்போறேன்’னா. ஹெட்மாஸ்டர் வேலைக்கு எனக்க பேரு போயிருந்த நேரம். தாய் திருடின்னு வந்தா வேலை போயிரும், எனக்க பிள்ளைகள் தெருவுல நிக்கும்னு சொல்லி அவளுக்க வாயை அடைச்சது நான். அடைச்சிட்டு, மறுநாளு போய் வாசிச்சேன்.”

மூன்று நாள் பச்சத்தண்ணி குடிக்காமல் கிடந்த அம்மை. சொர்ணம்மாளின் காலைப் பிடித்த அம்மை. இந்தப் பக்கம் கூட்டுக்காரி, அந்தப் பக்கம் மகன், நடுவில் பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு, ஊர்ப் பேச்செல்லாம் பேசித் தீர்த்த அம்மை. அவ்வளவு பேச்சும் இந்த ஒன்றைப் பேசாமல் இருப்பதற்குத்தானா?

லீலாபாய்க்குப் பன்னிரண்டு நாளாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. அவள் துடைக்கவில்லை. இடுப்பிலிருந்த கலயத்தை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள். கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தால்தான் அவரால் அதை வாங்க முடியும்.

அவர் வாங்கினார். பதினாலு பக்கமும் நழுவிப் படியில் விழுந்து, ஒவ்வொன்றாகக் காற்றில் புரண்டன.

“அம்மைக்க பங்கை நான் சொல்லுதேன்,” என்றாள். “உனக்க பங்கு உனக்க வாயில இருக்கு.”

அவள் உள்ளே போனாள். மேஜைக்கு முன்னால், ஒற்றைக் கலயத்துக்குப் பக்கத்தில் நின்று, சபையைப் பார்த்து, ரெண்டே வரியில் சொன்னாள். எடுத்தது எனக்க அம்மை. ஞானதாசன் அண்ணாச்சி எடுக்கல்ல. பதினாலு பக்கத்தில் வராத சத்தம் அந்த ரெண்டு வரிக்கு வந்தது. கடைசிப் பெஞ்சில் சொர்ணம்மாள் எழுந்து, “அந்த அரிசியைத் தின்னது எனக்க பிள்ளைகள்” என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

போதகர் ஐயா எழுந்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார்.

“அப்பம் அந்தக் கடிதாசி?” ஆண்கள் பக்கமிருந்து யாரோ கேட்டார்கள். “அது எப்படி வந்துச்சு?”

எல்லாத் தலையும் வாசலுக்குத் திரும்பின.

கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் நடுவழியில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், வாசற்படியின் அந்தப் பக்கம், ஞானதாசன். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவ்வளவு பக்கத்தில் வந்தது அன்றைக்குத்தான். ஒரு காலைத் தூக்கிப் படிமேல் வைத்திருந்தார். அடுத்த காலை இன்னும் எடுக்கவில்லை.

ஜெபதாஸ் வாயைத் திறந்தார்.